பொட்டலும் வாட்டமும்: காரைக்குடிக்குள் வந்த ஊர்கள்

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர், இலுப்பைக்குடி முதலிய ஊராட்சிகளும் அதற்குள் வந்தன. அரசாணை வந்தது அன்றைக்குத்தான். ஆனால் வீட்டுமனைக் கற்கள் இந்த ஊர்களை நோக்கி நடக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இன்று காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகிறவருக்கு நகரம் எங்கே முடிந்தது, ஊர் எங்கே தொடங்கியது என்று சாலையில் அடையாளம் எதுவும் தெரியாது.

இவை பேர் இல்லாத ஊர்கள் அல்ல. இலுப்பைக்குடியில் நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) ஒன்பது நகரக் கோவில்களில் ஒன்று இருக்கிறது. அரியக்குடி திருவேங்கடமுடையான் கோவிலுக்கும் கர்நாடக இசை மேதை ராமானுஜ ஐயங்காருக்கும் பேர் போனது. கோவிலூரில் வேதாந்த மடம். கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர், ரோஜா முத்தையா புத்தகம் சேர்த்த ஊர். அதனால் பேர் அழிந்துவிடும் என்ற பயம் யாருக்கும் இல்லை. பெரிய வீடுகளைப் பற்றிய கவலையும் ஊருக்கு வெளியே வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் இடம்பெற்றன.

கவலைப்படாமல் விட்டது வேறொன்று. கொத்தனார் ஒருவரைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்வார்: வாட்டம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சாய்வு. செட்டிநாட்டு ஊர் ஒன்றின் குணம் முழுவதும் வாட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. பொட்டலிலிருந்து ஊருணி என்னும் குளத்துக்கு, வளவு என்னும் வீட்டு நடு முற்றத்திலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து கண்மாய் என்னும் ஏரிக்கு. புறநகராக மாறும்போது முதலில் உடைவது இதுதான். மற்ற இழப்புகளில் பெரும்பாலானவை இதைத் தொடர்ந்து வருகின்றன.

பொட்டல் என்பது காலி இடம் அல்ல

இந்தப் பகுதியில் ஆறு இல்லை என்றே சொல்லலாம். செம்மண், அதற்கடியில் செம்புறாங்கல். ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவமழை. ஊரை அமைத்தவர்கள் இதை வைத்தே கணக்குப் போட்டார்கள். ஊருக்கு மேட்டுப்பக்கம் சரளைப் பொட்டல். அதில் விழும் மழை வரத்துக்கால் வழியாக ஊருணிக்கு வரும். ஊருணி நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த ஊருணிக்கோ கண்மாய்க்கோ போகும். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்த ஊர்கள் பல.

பத்திரப் பதிவில் பொட்டல் என்பது வெறும் தரிசு. மனை போடுகிறவருக்கும் அது தரிசுதான்: மேடு, மரம் இல்லை, பயிர் இல்லை, சாலைக்குப் பக்கம். சிக்கல் தொடங்குவது இங்கே. ஊருணியும் பெரும்பாலும் வரத்துக்காலும் வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் புறம்போக்கு. பொட்டலோ பல இடங்களில் தனியார் பட்டா. சட்டம் பாத்திரத்தைக் காக்கிறது, அதில் தண்ணீர் ஊற்றும் கையை விட்டுவிடுகிறது. 2007-ஆம் ஆண்டு ஏரி, குளப் பாதுகாப்புச் சட்டம்கூடப் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் உள்ள நீர்நிலைகளுக்குத்தான். சிறு ஊருணிகளுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் அரசு நிலத்தில் கை வைத்தால் மட்டுமே.

என்ன நடக்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். 60 மீட்டருக்கு 60 மீட்டர் ஊருணி, சரிந்த கரை, 3 மீட்டர் ஆழம். கொள்ளளவு சுமார் 9,000 கன மீட்டர், அதாவது 90 லட்சம் லிட்டர். அதற்கு 40 ஏக்கர் பொட்டல் என்று வைப்போம். பருவமழை 400 மில்லிமீட்டர் பெய்து, இறுகிய சரளையில் 30 விழுக்காடு ஓடி வந்தால் சுமார் 19,400 கன மீட்டர் கிடைக்கும். ஊருணி இரண்டு முறை நிரம்பும் அளவு. மிச்சம் கண்மாய்க்கு.

இப்போது அந்த 40 ஏக்கரில் 25 ஏக்கர் மனையாகிறது. ஊருணிக்கு மீதி 15 ஏக்கரின் தண்ணீர்தான், சுமார் 7,300 கன மீட்டர். ஒரு முறைகூட நிரம்பாது. நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் தை முதல் வைகாசி வரை முக்கால் மீட்டர் நீர் வெயிலுக்கே போய்விடும். ஊர் எடுப்பதும் மண்ணுக்குள் இறங்குவதும் அதோடு சேர்ந்தால் வைகாசியில் தரை தெரியும்.

அந்த 25 ஏக்கரில் தண்ணீர் குறைந்துவிட்டதா? இல்லை, கூடிவிட்டது. மொட்டைமாடியும் சிமென்ட் சாலையும் மழையை உறிஞ்சாது. முன்பு அந்த நிலத்திலிருந்து 12,000 கன மீட்டர் ஓடியது என்றால், வீடுகள் நிறைந்த பிறகு 65 விழுக்காடு ஓட்டம் என்று வைத்தாலே 26,000 கன மீட்டர் ஓடும். ஆனால் மனைச் சாலையின் வாட்டம் ஊருணியைப் பார்த்து இல்லை, பிரதான சாலையைப் பார்த்து இருக்கிறது. ஐப்பசியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் நகரே சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்குகிறது என்றால் காரணம் 7,300, 26,000 என்ற இந்த இரண்டு எண்கள்தான். மழையைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

மனை மட்டுமே காரணம் என்று சொல்வதும் நியாயம் அல்ல. மேட்டு நிலத் தைலமரத் தோப்புகளில் வரப்பு வெட்டி மழைநீரைத் தேக்குவது பல ஊருணிகளின் வரத்தை அதற்கு முன்பே அடைத்துவிட்டது. சீமைக்கருவேல் முளைத்து மூடிய வரத்துக்கால்களும் உண்டு. மனை வந்தபோது கால்வாய் செத்துப்போனதாகவே தெரிந்ததால் யாரும் தடுக்கவில்லை. தண்ணீர் வராத கால்வாயைத் தூர்ப்பது எளிது.

கால்வாயைக் குழாயில் அடைப்பது

மனைக்குள் வரத்துக்கால் குறுக்கிட்டால் பெரும்பாலோர் அதை அப்படியே விடத்தான் நினைக்கிறார்கள். சாலை கடக்கும் இடத்தில் குழாய் போட்டுவிடுவார்கள். பிழை அளவில் இருக்கிறது. 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள கால்வாயின் குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டர் குழாயின் பரப்பு 0.28 சதுர மீட்டர், ஏழில் ஒரு பங்கு. முதல் மழையில் சரளையும் பிளாஸ்டிக் பையும் பாதிக் குழாயை அடைத்தால் பதினாலில் ஒரு பங்கு. மேல்பக்கம் தேங்கும் தண்ணீர் புது வழி தேடும். கிடைப்பது பெரும்பாலும் யாருடைய வீட்டு அஸ்திவாரமாவது இருக்கும்.

இன்னொரு பிழை அதைவிட மோசம்: குழாயின் அடிமட்டத்தைக் கால்வாயின் அடிமட்டத்துக்கு மேலே வைப்பது. ஒரு சாண் உயர்ந்தாலும் சிறு மழைத் தண்ணீர் முழுவதும் மேல்பக்கமே நின்று மண்ணுக்குள் போய்விடும். ஊருணிக்குச் சிறு மழைகளின் சேர்மானமும் முக்கியம். குழாயைத் தவிர்த்து, கால்வாயின் முழு அகலத்துக்குச் செவ்வகப் பெட்டிப் பாலம் போடுவதே சரி. முடியாவிட்டால் குழாய்களை இரண்டு மூன்றாக அடுத்தடுத்து, கால்வாய் அடிமட்டத்துக்கு அரைச் சாண் கீழே பதிக்க வேண்டும்.

ஊருணியை அழகுபடுத்துவது

நகராட்சி எல்லைக்குள் வந்த ஊருணிக்கு விரைவில் நிதி வரும். சுற்றி நடைபாதை, பெஞ்ச், உயர்விளக்கு, கம்பிவேலி. நல்ல எண்ணத்தில் செய்யும் இந்த வேலையில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

சுற்றுச்சுவரை ஒரே சீராகக் கட்டும்போது வரத்து மடையின் கண் அடைபட்டுப்போகும், அல்லது பேருக்கு நாலு அங்குலக் குழாய் விடுவார்கள். அடுத்தது, தூர் வாருகிறோம் என்று பொக்லைனை இறக்கி ஆழமாக வெட்டுவது. ஊருணியின் அடியில் நூறாண்டுகளாகப் படிந்த களிமண் படிவம்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. அதைத் தாண்டிச் சரளையைத் தொட்டுவிட்டால் நிரம்பிய ஊருணி பத்து நாளில் வற்றும். வாருவதற்கு முன் நாலைந்து இடங்களில் கடப்பாரையால் குழி தோண்டி, கறுப்புச் சேறு எங்கே முடிகிறது, இறுகிய களி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, சேற்றை மட்டும் எடுக்க வேண்டும். தப்பித்தவறி வெட்டிவிட்டால் கண்மாய்க் களியை அரை அடி கனத்துக்குப் பரப்பி, நனைத்து, திமிசு போட்டு இறுக்கிவிடலாம். அடியில் கான்கிரீட் போடுவது தீர்வு அல்ல. பக்கத்துக் கிணறுகளின் ஊற்று அதோடு நின்றுவிடும்.

மூன்றாவது, கழிவுநீர். பாதாளச் சாக்கடை வந்துசேராத மனைகளில் செப்டிக் தொட்டியின் மிகைநீரைச் சாலையோரச் சாக்கடையில் விடுகிறார்கள். வரத்துக்காலும் சாக்கடையும் ஒன்றாகிவிட்ட இடங்களில் அது நேரே ஊருணிக்குத்தான் வரும். ஆகாயத்தாமரை படர்ந்த ஊருணியைப் பார்த்தால் இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை.

ஒரு படி காணாமல் போகும் வீடு

ஊருணியிலிருந்து தெருவுக்குள் வருவோம். தெருவைப் பார்த்து முகப்பு, திண்ணை, உள்ளே பட்டாலை என்னும் கூடம், நடுவில் வளவு, பிறகு இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி, பின்வாசல். வளவைச் சுற்றி நாலு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிவதால் மழை முற்றத்தில் விழும். மூலைகளில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தது போக மிச்சம் சலதாரை வழியாகத் தரைக்கடியில் ஓடித் தெருவுக்கு வரும்.

சலதாரைக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்று கொள்வோம். வளவிலிருந்து தெரு வரை 50 அடி என்றால் மொத்த இறக்கம் 6 அங்குலம். அவ்வளவுதான் அந்த வீட்டின் கையிருப்பு.

இனிச் சாலையைப் பார்ப்போம். தார்ச்சாலையை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே 40 மில்லிமீட்டர் போட்டால், ஐந்து முறையில் 200 மில்லிமீட்டர், 8 அங்குலம். வாசலில் நாலு படி இருந்த வீட்டில் மூன்று படியே தெரியும். படி போனது கண்ணுக்குத் தெரியும். சலதாரையின் 6 அங்குலம் முழுவதும் தின்னப்பட்டது தெரியாது. அடுத்த பெருமழையில் முற்றத்துத் தண்ணீர் வெளியே போகாமல் நிற்கும்போதுதான் தெரியும். சில வீடுகளில் தெருத் தண்ணீரே சலதாரை வழியாக உள்ளே வரும்.

பிறகு நடப்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் சங்கிலி. நின்ற நீர் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும் தன்மை உள்ளது, ஆகவே காயும்போது உப்பு பூத்துப் பொரிந்து உதிரும். வீட்டுக்காரர் வெளியூரில் இருப்பார். படைப்பு என்னும் கோவில் படையலுக்கு வரும்போது பார்த்துப் பதறி, மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசச் சொல்வார். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் மேலே ஏறி நாலாவது அடியில் பொரியும். அதற்கு மேல் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த, கண்ணாடிபோல் மின்னும் பழைய பூச்சு இருந்தால் அதுவும் போகும். தேக்குத் தூணின் அடிக்கல்லைச் சுற்றிச் சிமென்ட் அணைத்திருந்தால் தூணின் கால் மக்கிக் கரையான் ஏறும். அடுத்த படைப்புக்கு வரும்போது “இனிமே இந்த வீடு தாங்காதப்பா” என்று பங்காளிகள் பேசத் தொடங்குவார்கள். பர்மாத் தேக்குக்கும் தூணுக்கும் கதவுக்கும் விலை கேட்டு ஆள் வர நாளாகாது.

ஆக, வீடு இடிபட்டதற்குப் பங்காளிச் சண்டையை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி வாசலில் போட்ட தாரில் இருக்கிறது. சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். ஒப்பந்தப் பணி தொடங்கும் நாளில் தெருவாசிகள் செய்ய வேண்டியது எளிது. வாசற்படியிலிருந்து பழைய சாலை மட்டம் வரை அளந்து திண்ணைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, தேதி தெரியப் படம் எடுத்து வைப்பது. வேலை முடிந்ததும் அதே அளவு வர வேண்டும்.

ஈரம் ஏறிய சுவரைச் சரிசெய்ய அவசரம் கூடாது. முதலில் சலதாரையைத் திறந்து வாட்டத்தைச் சோதிக்க வேண்டும். தெரு மட்டம் இறங்க வழியே இல்லையென்றால் முற்றத்து நீரைப் பின்கட்டுக்குத் திருப்பி, கிணற்றோரம் வடிகட்டித் தொட்டிக்கு விடலாம். பிறகு சிமென்ட் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் செங்கல்லைக் காயவிட வேண்டும். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் அது மீண்டும் உள்ளே போகும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய நீர் விட்டு அரைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கனம் வராமல் பூசி, சாக்கு நனைத்துத் தொங்கவிட்டு ஒரு வாரம் மெதுவாகக் காயவைக்க வேண்டும். மேலே வெள்ளையடிக்கலாம். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் பட்டதெல்லாம் வீண்.

பின்வாசல் தெரு முன்வாசலாகிறது

செட்டிநாட்டு வீட்டு மனை ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். அதனால் ஒரு தெரு முகப்புகளின் தெருவாகவும் அடுத்தது பின்வாசல்களின் தெருவாகவும் இருக்கும். பின்தெருவில் நீளச் சுவர், சிறு கதவுகள், விறகு வண்டி, அடுப்படிக் கழிவு. முன்தெருவின் கம்பீரத்துக்குப் பின்தெருவின் அமைதி இணை.

60 அடி அகலமும் 180 அடி நீளமும் உள்ள ஒரு வீடு இடிந்தால் இடம் 10,800 சதுர அடி, ஏறத்தாழ 25 சென்ட். 30-க்கு 90 அடியாக நாலு மனை போடுவார்கள். இரண்டு முன்தெருவைப் பார்க்கும், இரண்டு பின்தெருவைப் பார்க்கும். ஒரு கிணறு இருந்த இடத்தில் நாலு போர், நாலு செப்டிக் தொட்டி. 10, 12 அடிப் பின்தெருவில் கார் திரும்பாது, குப்பை வண்டி நுழையாது, ஆகவே சுவரோரச் சாக்கடையை மூடிச் சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனு போகும். முன்தெருவிலும் புது வீடு விதிப்படி உள்வாங்கி, முன்னால் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி நிற்கும். திண்ணைகள் ஒன்றையொன்று பார்த்த தெருவில் ஒரு பல் விழுந்த மாதிரி. மற்றப் பற்களும் ஆட இது போதும்.

இதற்குச் சட்டத்தில் பெரிய தடை இல்லை. செய்யக்கூடியது பங்காளிகளின் பேச்சில்தான் இருக்கிறது. விற்பது என்று முடிவானாலும் முகப்பையும் பட்டாலையையும் வளவையும் ஒரே மனையாக வைத்து, பின்கட்டுகளை மட்டும் பிரித்து விற்றால் முன்தெரு பிழைக்கும். வளவின் தண்ணீர் வழியும் பிழைக்கும். பத்திரத்தில் சலதாரை போகும் பாதையைப் பொதுப்பாதை என்று எழுதி, அளவோடு வரைபடத்தில் காட்டிவிட வேண்டும். எழுதாவிட்டால் வாங்கியவர் அதன் மேல் அஸ்திவாரம் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

எழுதாத பாதைகள்

அய்யனார் கோவிலுக்குப் புரவி எடுத்துப் போகும் வழி, மஞ்சுவிரட்டுத் திடலுக்கு மாடு போகும் வழி, ஊருணிக்குப் பெண்கள் குடம் எடுத்துப் போன ஒற்றையடி. வண்டிப்பாதை என்று புல வரைபடத்தில் இருந்தால் அது தப்பும். வழக்கத்தில் மட்டும் இருந்தால் மனையின் காம்பவுண்டுச் சுவரோடு முடிந்தது. மண்குதிரையைத் தோளில் சுமந்து வருகிறவர்கள் சுவரைச் சுற்றி நெடுஞ்சாலையில் நடக்கும்போது, அந்தப் பாதையை எழுதி வைக்காத குற்றம் எல்லோருடையதும்தான். ஊராட்சியாக இருந்தவரை கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டாவது வைத்திருக்கலாம். ஊரக வேலைத் திட்டத்தில் வரத்துக்காலைத் தூர்வாரும் ஆட்களும் இருந்தார்கள். மாநகராட்சி ஆனதும் இரண்டும் போய், வார்டு பகுதிச் சபைதான் மிச்சம். அதில் ஊருணிப் பேச்சு எழ வேண்டுமானால் கையில் தாள் இருக்க வேண்டும்.

தாள் தயாரிக்கும் முறை

மாசி, பங்குனியில் தொடங்கலாம். ஊரின் ‘அ’ பதிவேட்டு நகலும் ஊருணி, வரத்துக்கால் புல எண்களின் வரைபடமும் வாங்க வேண்டும். இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊருணி மடையில் தொடங்கி மேட்டை நோக்கி நடக்க வேண்டும், மேட்டிலிருந்து கீழே அல்ல. கால்வாய் பிரியும் இடங்கள் எதிர்த்திசையில்தான் தெளிவாகப் படும். நூறு அடிக்கு ஒரு முளை அடித்து, கொத்தனாரின் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் உயரம் எடுக்க வேண்டும். இரண்டு முளையில் மேட்டுப்பக்கத்தது தாழ்ந்திருந்தால் கீழ்ப்பக்கத்து முளையருகே தூர்ந்திருக்கிறது, அல்லது யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள். ஊரில் வயதான ஒருவரைக் கூட அழைத்துப் போவது நல்லது. வரைபடத்தில் இல்லாத கிளைகளை அவர் கைகாட்டுவார்.

அதே வரைபடத்தில் புதிதாக மனுப்போட்ட மனைப்பிரிவுகளைக் குறிக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொது ஒதுக்கீடாகக் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலும் அது விற்காத மூலையில் சதுரமாக விழுகிறது. அதை வரத்துக்காலின் இரு கரையிலும் நீளப் பட்டையாக வாங்கிக்கொண்டால் கால்வாயும் தப்பும், நடக்கவும் இடம் கிடைக்கும், மனை எண்ணிக்கையும் குறையாது. அனுமதிக்கு முன் எழுத்தில் கேட்டால்தான் நடக்கும். கல் ஊன்றிய பிறகு யாரும் மாற்றமாட்டார்கள்.

ஆடியில் தூர்வாரல், மடைக்கு முன்னால் நாலடிக்கு நாலடி மண்தங்கு தொட்டி, கலுங்கின் உயரம் சரிபார்ப்பு. புரட்டாசி முடிவதற்குள் குழாய்களின் வாயில் அடைப்பு எடுக்க வேண்டும். ஐப்பசியில் முதல் பெருமழை விட்ட அரைமணி நேரத்துக்குள் வரைபடத்தோடு மீண்டும் ஒரு நடை, இந்த முறை மேட்டிலிருந்து. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவால் ஒரு வட்டம். அந்த வட்டங்கள் எத்தனை, எந்தப் புல எண்களில் என்பதுதான் அடுத்த பகுதிச் சபைக்கான மனு.